நாம் குடியிருக்கும் மண்ணைச் சோதித்தது யார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்துக்குக் கீழே செல்லும் வீதியை அகலமாக்க வந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு துளையிடும் இயந்திரம் வந்து நின்றது. நான்கைந்து பேர் சேர்ந்து இரும்புக் குழாயை நிலத்துக்குள் இறக்கினார்கள். குழாயோடு மண்ணை வெளியே எடுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகு ஊற்றி அடைத்து, நம்பர் எழுதி, பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி வந்த அக்கா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "ரோட்டுக்கு மண்ண ஊசி போட்டுப் பாக்குறாங்களே தலைவரே, நம்ம லயத்துக்கு யாரு பாத்தா?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் எல்லாத் தோட்டக் கமிட்டிகளின் முன்பாகவும் வைக்கிறேன். லொறியும் பஸ்ஸும் ஓடும் மண்ணுக்குச் சோதனை உண்டு. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் படுத்துறங்கும் மண்ணுக்குச் சோதனை இல்லை. சம்பளத்தைப் போல, காணி உரிமையைப் போல இதுவும் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக வேண்டும் என்பது என் கருத்து.

தெரணியகலைப் பக்கத்து மழையைப் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவனொளிபாதமலைத் தொடரின் மேற்குச் சரிவில், சீதாவக்கை கங்கையின் இருபுறமும் இருக்கும் தோட்டங்கள் நம்முடையவை. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் நூரி, மாலிபொட பக்கங்களில் சூரியனைக் காண்பதே அரிது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை வரும்போது தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, அரநாயக்க என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வானொலியில் கேட்கின்றன. எச்சரிக்கை வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிறோம். இரண்டு நாளில் மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்பி வருகிறோம். மழை விட்டுவிட்டது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அந்த மழை நம் காலடி மண்ணை என்ன செய்துவிட்டுப் போனது என்பது தெரியாது.

எச்சரிக்கை எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். இது உயிர் காக்கும் ஏற்பாடு. இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் இது வானத்திலிருந்து விழுவதை அளக்கும் கணக்கு. அந்த மழையை வாங்கும் மண், இந்த லயத்தின் பின்பக்கத்து மண், எவ்வளவு தாங்கும் என்பதை இது சொல்லாது.

அதே நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களையும் தயாரித்திருக்கிறது. அவை 1:50,000, 1:10,000 என்ற அளவுகளில் வரையப்பட்டவை. 1:10,000 வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 100 மீற்றர். நமது நீண்ட லயம் ஒன்று அந்தப் படத்தில் மூன்று நான்கு மில்லிமீற்றர் கோடாகத்தான் இருக்கும். எந்த மலைப்பக்கம் ஆபத்தானது என்று வரைபடம் சொல்லும். அந்த மலையில் மேல் லயமா கீழ் லயமா, பழைய மண்வெட்டுக்கு ஒட்டியிருக்கும் கடைசி மூன்று காம்பிராவா என்பதைச் சொல்ல வேண்டுமானால் மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

களிமண்ணின் பலத்தை ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? குழாயில் குலையாமல் எடுத்து வந்த மண்ணை ஒரு சிறு உருளையாகச் சீவுகிறார்கள். அதற்கு மெல்லிய இறப்பர் உறை போடுகிறார்கள். நாம் வெட்டும் பாலில் செய்த உறையாகவும் அது இருக்கலாம். பிறகு அந்த உருளையை நீர் நிறைந்த கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, சுற்றிலும் நீரமுக்கம் கொடுக்கிறார்கள். நிலத்துக்குள் இருக்கும்போது நாலாபுறமும் மண் நெருக்குவதைப் போன்ற நிலை அது. அதற்குப் பின் மேலிருந்து சுமையை ஏற்றுகிறார்கள். மண் எவ்வளவு நசுங்குகிறது, எந்தச் சுமையில் உடைகிறது, உள்ளே இருக்கும் நீரின் அமுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். இதற்கு மூவச்சுப் பரிசோதனை என்று பெயர்.

உள்ளே இருக்கும் நீரை ஏன் அளக்க வேண்டும்? மண் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் மண்ணுக்குப் பலம் கிடைக்கிறது. இடையில் நீரின் அமுக்கம் கூடினால் துணிக்கைகளை அது தள்ளிப் பிரிக்கிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும், பலமும் குறையும். ஒஸ்திரியாவில் படித்த கார்ல் டெர்சாகி என்ற பொறியியலாளர் 1920களில் இதைக் கணக்காக நிறுவினார். இன்றைய மண் பொறியியல் முழுவதும் அந்த அடித்தளத்தில் நிற்கிறது. மழைநாளில் மலை சரிவதற்கு மண் கனமாவது ஒரு காரணம். உள்ளே ஏறும் நீரமுக்கம் மண்ணின் பிடியைத் தளர்த்துவது அதைவிடப் பெரிய காரணம்.

கனத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 600 தொன். நமக்குத் தருவதாகச் சொல்லும் 7 பேர்ச் துண்டில் மட்டும் 26 தொன்னுக்கு மேல். அதில் ஒரு பகுதி கானில் ஓடிப் போகும். கான் தூர்ந்திருந்தால் ஓட வேண்டியதும் மண்ணுக்குள் இறங்கும்.

இனி என் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு களிமண் உருளை ஒருமுறை ஏற்றிய சுமையைத் தாங்கிவிட்டது என்பதால் அதே சுமையை நூறு முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொள்ள வேறொரு பரிசோதனை இருக்கிறது. சுமையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மண் கொஞ்சம் நசுங்கி, முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாமல் நிற்கிறது. நீர் வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே நீரமுக்கமும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை ஏற்றினாலும் மண் அடங்கி நிற்கும். அந்த எல்லையைத் தாண்டினால், ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறிய சுமையே பலமுறை வந்து மண்ணை உடைத்துவிடும். கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது, பத்துமுறை இப்படியும் அப்படியும் வளைத்தால் முறியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

1970களில் வட கடலில் எண்ணெய் எடுக்கப் பிரமாண்டமான கொங்கிறீட் மேடைகளை நிறுத்தினார்கள். புயல் அடித்தால் ஆயிரக்கணக்கான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மேடைகளை மோதும். அந்த அடிகள் எல்லாம் கடைசியில் கடலடி மண்ணுக்குத்தான் இறங்கும். ஆகவே நோர்வே புவித்தொழில்நுட்ப நிறுவனம் டிராமன் என்ற நகரத்துக் களிமண்ணை எடுத்து, திரும்பத் திரும்பச் சுமையேற்றி ஆண்டுக்கணக்கில் சோதித்தது. எத்தனை தடவைக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்று பட்டியல் போட்டார்கள். ஒரு புயலுக்கும் அடுத்த புயலுக்கும் இடையில் நீர் வடிந்து போனால் மண்ணுக்கு என்ன ஆகும் என்றுகூடப் பார்த்தார்கள். எண்ணெய் மேடையில் போட்ட பணம் பெரியது, அதனால் அதன் காலடி மண்ணுக்கு அவ்வளவு அக்கறை. லயத்தில் இருப்பது மனித உயிர். அந்த அக்கறையில் ஒரு பங்கைக் கேட்பது அதிகமா?

எண்ணெய் மேடைக்கு அலை. ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் நிலநடுக்கம். நம் மலைக்கு எது திரும்பத் திரும்ப வரும் சுமை? இதில் பிழைவிடாமல் பேச வேண்டும். தோட்ட வீதியில் ஓடும் கொழுந்து லொறியால் மட்டும் மலை சரிகிறது என்று நான் சொல்ல வரவில்லை. மலைச்சரிவின் விளிம்பை வெட்டிப் போட்ட வீதியில் பாரமான வாகனம் ஓடினால் அந்த விளிம்புக்குப் பாதிப்பு உண்டு, அது ஒரு பங்கு. பெரிய பங்கு தண்ணீருடையது. ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள் நீரமுக்கம் ஏறுகிறது, மழை விட்டதும் இறங்குகிறது. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் இடியோடு வரும் இடைப்பருவ மழை, ஆண்டின் தொடக்கத்தில் வெயிலில் நிலம் வெடித்தல், வெடிப்பு வழியாக அடுத்த மழை ஆழமாக இறங்குதல். இந்தச் சுற்று ஆண்டுதோறும் நடக்கிறது. களிமண் ஊறிப் பருப்பதும் காய்ந்து சுருங்குவதுமாகத் தளர்ந்துகொண்டே வருகிறது. போன வருடத்து 150 மில்லிமீற்றரைத் தாங்கிய மலை இந்த வருடத்து 150 மில்லிமீற்றரைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

"எங்க தாத்தா காலத்திலயிருந்து இந்த லயம் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நிர்வாகமும் அதையே சொல்கிறது. இதற்கு வெள்ளைக்காரர்களின் சொந்த ஊரிலிருந்தே ஒரு பதில் உண்டு. நம் மலைகளை வெட்டிச் சமப்படுத்தி லயம் கட்டிய அதே காலத்தில் அவர்கள் லண்டன் பக்கத்தில் களிமண் மேடுகளை வெட்டி ரயில் பாதை போட்டார்கள். வெட்டும்போது அந்தச் சரிவுகள் உறுதியாக நின்றன. அவற்றில் சில முப்பது ஆண்டுகள் கழித்தும், ஐம்பது ஆண்டுகள் கழித்தும் சரிந்து விழுந்தன. பேராசிரியர் ஸ்கெம்டன் 1964இல் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரையில் இதை ஆராய்ந்தார். மேலிருந்த மண்ணை அகற்றியதும் களிமண் மெதுவாக நீரை உறிஞ்சிப் பருக்கிறது, ஆண்டுக்கணக்கில் பலம் இழக்கிறது, ஒருநாள் எல்லை தாண்டுகிறது. லண்டன் களிமண் வேறு, நம் செம்மண்ணும் களியும் வேறு. கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனால் பாடம் பொதுவானது: நீண்ட காலம் நின்றது என்பது இனியும் நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது. லயத்துப் பின்பக்கத்து மண்வெட்டு நூறு வயதைக் கடந்திருந்தால் அதுவே சோதிக்க வேண்டியதற்கான முதல் காரணம்.

இன்னொன்றும் உண்டு. மலைநாட்டில் லயம் கட்டக் கிடைத்த சமமான இடங்களில் பல, முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும்தான். பார்வைக்குச் சமதரையாக இருக்கும். அடியில் பாறையோடு ஒட்டாமல் நிற்கும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் இருந்ததும் அத்தகைய மண்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்த வீடுகளில் பெற்றோர் புதைந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தார்கள், ஆனால் போவதற்கு இடமும் வீடும் கொடுக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்ததை நாடே பார்த்தது.

நம் மாவட்டத்துக்கு அந்தத் துயரம் 2016 மே 17இல் வந்தது. அரநாயக்கவில் சாமசர மலை உடைந்து கிராமங்களை மூடியது. மூன்று நாட்களில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்கள். ஒவ்வொரு முறையும் அரிசியும் பாயும் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் சரியாத பக்கத்து லயத்துக்காரர்கள் மழை விட்டதும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படக் கூடியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லா லயத்து மண்ணையும் துளைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் பணமும் ஆளும் எங்கே என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. அபாய வலய வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடங்களிலிருந்து தொடங்கட்டும். வெடிப்பு கண்ட லயங்கள், பின்னால் உயரமான மண்வெட்டு உள்ள லயங்கள், புதிதாக ஊற்றுக் கிளம்பிய இடங்கள் முதல் வரிசையில் வரட்டும். கொழும்பிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் மண் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. வீதிக்கும் பாலத்துக்கும் செய்கிறவர்கள் லயத்துக்கும் செய்ய முடியும்.

கைப்பிடி அளவு உருளை ஒரு மலையின் கதையைச் சொல்லுமா என்று இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. மலையில் ஒரு முழத்துக்கு ஒரு மண் இருக்கும், நடுவே உருண்டைக் கல் இருக்கும், பழைய வேர் அழுகிய பொந்து இருக்கும். அதனால்தான் ஒரு துளை போதாது, ஒரு பரிசோதனையும் போதாது. பல இடங்களில் எடுக்க வேண்டும், நீரில் முழுதாக ஊறிய நிலையில் சோதிக்க வேண்டும், ஒரே தடவைச் சுமையோடு நிறுத்தாமல் நீரமுக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். துளையிட்ட இடத்தில் குழாயை நிறுத்தி, மழைக்காலம் முழுவதும் உள்ளே நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து வர வேண்டும். அந்த வேலையைத் தோட்டத்து இளைஞர்களுக்கே பழக்கிக் கொடுக்கலாம்.

மூன்றாவது, நம் ஆட்களிடமிருந்தே வரும் பயம். இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. "மண்ணைச் சோதிச்சு ஆபத்துன்னு எழுதிட்டா லயத்தவிட்டுப் போகச் சொல்லுவாங்க. அப்புறம் எங்க போறது?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் பயம் வெறும் பயமில்லை. வெளியேறச் சொல்லும் கடிதம் ஒரு நாளில் வரும், மாற்றுக் காணி பத்து வருடம் கழித்தும் வராது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே காணியோடு சேராத சோதனையை நாம் கேட்கக் கூடாது. அறிக்கையில் ஆபத்து என்று எழுதும் அதே தாளில் எந்த இடத்துக்கு, எந்தத் திகதிக்குள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏற்கெனவே ஆபத்து என்று அடையாளம் காணப்பட்ட லயங்களை "சோதனை முடியட்டும்" என்று இழுத்தடிக்க இடம் கொடுக்கக் கூடாது. அங்கே சோதனை தேவையில்லை, வீடுதான் தேவை. சோதனை தேவைப்படுவது இன்னும் தீர்மானிக்கப்படாத இடங்களுக்கும், புதிதாக வீடு கட்டப் போகும் இடங்களுக்கும். குறிப்பாக இரண்டாவது. 7 பேர்ச் காணி என்று சொல்லித் தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆகாத செங்குத்தான துண்டை நமக்கு அளந்து தர நினைத்தால், அதை வாங்குமுன் மண்ணைப் பார்க்கக் கேட்பது நம் உரிமை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது கோப்பில் கிடக்கும் கடிதமாக இல்லாமல், வீட்டுக்காரர் கையில் தமிழில் இருக்கும் தாளாக வேண்டும்.

செலவு யாருடையது? தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசுக்குச் சொந்தமாயின. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசுடையது, இலாபம் கம்பனியுடையது, லயம் யாருடையது என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கையைக் காட்டுகிறார்கள். மண் சரியும்போது மட்டும் அது தொழிலாளியுடையதாகிவிடுகிறது. செலவை அரசும் கம்பனியும் பகிர்ந்துகொள்ளட்டும். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதமும் கழியக் கூடாது.

ஆகவே வரும் பேச்சுவார்த்தைகளில் சங்கம் முன்வைக்க வேண்டியவை என்று நான் கருதுவது இவை:

1. அபாய வலயத்தில் இருக்கும், ஆனால் இடமாற்றம் தீர்மானிக்கப்படாத ஒவ்வொரு லயத்திலும் மண் ஆய்வு நடக்க வேண்டும். ஊறிய நிலையிலும், திரும்பத் திரும்பச் சுமையேற்றியும் களிமண்ணின் பலம் சோதிக்கப்பட வேண்டும்.

2. புதிய வீடுகளுக்கு இடம் ஒதுக்குமுன் அந்த இடத்தின் மண் சோதிக்கப்பட வேண்டும். வீடு கட்டிய பிறகு வரும் அறிக்கை யாருக்கும் பயன்படாது.

3. அறிக்கை தமிழில் தரப்பட வேண்டும். அதைத் தயாரித்த அதிகாரி தோட்டக் கமிட்டி முன்னால் வாசித்து விளக்க வேண்டும். பிரதி ஒன்று தோட்டத் தலைவரிடம் இருக்க வேண்டும்.

4. ஆபத்து என்று முடிவானால், உறுதியோடு கூடிய மாற்றுக் காணியும் திகதியும் அதே அறிக்கையோடு வர வேண்டும். மாற்று வீடு இல்லாமல் யாரையும் லயத்தைவிட்டு நிரந்தரமாக வெளியேற்றக் கூடாது.

5. லயத்துக்கு மேலோ கீழோ இயந்திரம் வைத்து வீதி வெட்டுவது, மண் அள்ளுவது எதுவானாலும் மண் ஆய்வு இல்லாமல் நடக்கக் கூடாது.

6. லயங்களுக்கு மேலுள்ள கான்கள் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு வெட்டப்பட வேண்டும். அதற்குப் பெயர் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆறாவதைக் கடைசியில் போட்டதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நீர் வடிய வழி இருந்தால் மண்ணுக்குள் அமுக்கம் சேராது என்பதுதான் ஆய்வுகூடம் சொல்லும் பாடங்களில் முக்கியமானது. அதை நம் முன்னோர் ஆய்வுகூடம் இல்லாமலே கைவேலையில் அறிந்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்தில் கான் வெட்டு ஒரு தனி வேலை. இன்று எத்தனை மலைகளில் அதற்கு ஆள் போடுகிறார்கள்? செலவைக் குறைக்கக் கான் வெட்டை நிறுத்தினால், அந்தச் செலவு பிறகு லயத்தின் பின்சுவரில் வந்து நிற்கும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போடட்டும். சுவரிலோ முற்றத்திலோ வெடிப்புத் தெரிந்தால் இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, இடைவெளியை அளந்து, திகதியோடு எழுதுங்கள். வெடிப்பு இருந்தது என்று வாயால் சொல்வதைவிட, வைகாசியில் ஒரு விரல், ஆனியில் இரண்டு விரல் என்று எழுத்தில் இருப்பது பிரதேச செயலகத்தில் மதிக்கப்படும். மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு திடீரென்று மூட மறுப்பது, ஊற்று நீர் கலங்கி வருவது அல்லது ஓடிய ஊற்று சட்டென்று நின்றுபோவது, இவை எல்லாம் மலை அசைகிறது என்பதற்கான அடையாளங்கள். இவற்றைக் கண்டால் மழை அளவுக்குக் காத்திருக்காமல் வெளியேறி, பிறகு கிராம சேவகருக்கும் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள ஒரு பாத்திரத்தை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தாலே மழையின் அளவு தெரியும். ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் முதல் எச்சரிக்கை வந்துவிட்டது என்று பொருள்.

சம்பளப் போராட்டத்தில் நாம் கேட்டது நாளை உண்பதற்கு. காணிப் போராட்டத்தில் கேட்பது நாளை சொந்தமாக நிற்பதற்கு. அந்த நாளையைக் காண இன்றிரவு உயிரோடு உறங்கி எழ வேண்டும். ரோட்டுக்கு ஊசி போட்டவர்கள் நாற்பது யார் மேலே ஏறி லயத்துக்கும் ஊசி போட வேண்டும் என்று அந்த அக்கா கேட்டதை, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இந்த மழைக்காலம் தொடங்குமுன் அனுப்புங்கள்.